ஆர். கே. சண்முகம் செட்டியாரும் தூதியலும்: ஒரு வரலாற்று ஆய்வு

திருக்குறட் பொருட்பாலில் தூது என்னும் அதிகாரத்திற்கு முன்னுரை வகுக்கும் பரிமேலழகர், தூதரை இருவகையினராகப் பகுப்பர். தான் வகுத்துக் கூறுவான் ஒருவன்; கூறியது கூறுவான் மற்றொருவன். முன்னவன் அமைச்சனோடு ஒப்பவன் என்றும், பின்னவன் அவனினும் காற்கூறு குணங் குறைந்தவன் என்றும் அவர் தரம் பிரித்துக் காட்டுவர். இப்பகுப்பு வேந்தர் காலத்து அரசியலை நோக்கி எழுந்தது. தூதனுக்கு ஒரு வேந்தன் உண்டு; அவன் நாடே தூதன் நாடு; எனவே யார் பொருட்டுப் பேசுகின்றான் என்னும் ஐயம் அங்கு எழ இடமில்லை. ஆயின் அடிமைப்பட்ட நாட்டின் பெயரால், ஆளும் அயலரசு விடுக்கும் தூதனை எவ்வகையில் அடக்குவது? பிறர் கொடுத்த சொல்லைத் தன் நாட்டின் சொல்லாகக் கூற வேண்டிய நிலையில் நிற்பவன், வகுத்துக் கூறுவானாக உயர இயலுமா? இவ்வினாவிற்கு விடை காண்டற்குக் கொங்குநாட்டுப் பெருமகனார் ஒருவரின் வாழ்க்கை தக்க சான்றாக அமைகின்றது. அவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

செட்டியாரைப் பற்றி வழங்கும் மதிப்பீடுகள் இரு முனைகளில் நிற்கின்றன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று போற்றுவாரும் உளர். கட்சி மாறியவர், ஆங்கிலவரசின் சார்பினர் என்று தூற்றுவாரும் உளர். இவ்விரண்டும் அவர் ஏற்ற பதவிகளை நோக்கி எழுந்தனவேயன்றி, அப்பதவிகளில் இருந்து அவர் செய்தவற்றை நோக்கி எழுந்தன அல்ல என்பது எம் கருத்து. அவர்தம் தூதுகளை நிரலே வைத்து நோக்கின் ஒரு வளர்ச்சி புலனாகும். அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அவர் தோன்றிய நிலத்தைக் கருதுதல் வேண்டும். கொங்குநாடு கடலில்லாத நாடு. எனினும் கடல்வாணிகத்தின் பயனைத் தொன்றுதொட்டுத் துய்த்த நாடு. மேற்குமலைத் தொடரில் அமைந்த பாலைக்காட்டுக் கணவாய், சேரநாட்டுத் துறைமுகங்களையும் கருவூரையும் இணைத்த பெருவழியாகும். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த மணிகளும், எழுத்துப் பொறித்த பானையோடுகளும், கோவையை அடுத்த வெள்ளலூரிற் கிடைத்த உரோமானியக் காசுகளும் இவ்வாணிகத்திற்குக் கரியாவன. கொடுமணம் என்னும் ஊர்ப்பெயரைப் பதிற்றுப்பத்தும் குறிக்கின்றது. பிற்காலத்தில் இந்நாட்டின் கரிசல் நிலத்துப் பருத்தி புதியதொரு தொழிலுக்கு அடிகோலியது. 1888-இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களின் தொடக்கத்திற் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கின. உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு கொங்குநாட்டு உழவனின் களத்திலும் ஆலைத்தொழிலாளியின் கூலியிலும் உணரப்படும் நிலை இங்ஙனம் உண்டாயிற்று. சுங்கவரியும் நாணயமாற்றும் பிற மாவட்டத்தார்க்கு ஏட்டுச்செய்திகளாக இருந்திருத்தல் கூடும். கோவை வணிகனுக்கோ அவை அன்றாட வாழ்வு.

இச்சூழலில், ஆலைத்தொழிலில் ஈடுபட்ட வணிகக் குடும்பமொன்றில் 1892 அக்டோபர் 17-இல் சண்முகம் செட்டியார் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1917-இல் கோவை நகரமன்ற உறுப்பினராகிப் பின்னர் அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். 1920-இல் நீதிக்கட்சியின் சார்பிற் சென்னைச் சட்டமன்றம் புகுந்தார்; இரண்டாண்டில் அதனை விட்டு நீங்கினார். பின்னர்ச் சுயராச்சியக் கட்சியிற் சேர்ந்து தில்லி நடுவண் சட்டசபைக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இருந்து, 1931-இல் துணைத்தலைவராகவும், 1933-இல் தலைவராகவும் உயர்ந்தார். விட்டல்பாய் பட்டேல் முதலியோர் அமர்ந்த இருக்கை அது. இந்திய ரிசர்வ் வங்கியைத் தோற்றுவித்த 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்வரைவு அச்சபையில் நிறைவேறியதும் அவர் தலைமையிலேயே ஆகும்.

கட்சிகளை மாற்றினார் என்னும் குறை இப்பகுதியை நோக்கியே கூறப்படும். அது முற்றும் பொய்யன்று. ஆயின் கட்சிகள் மாறியபோதும் அவர் கைக்கொண்ட பொருள் மாறவில்லை என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். தொழிலும் வரியும் நாணயமுமே அவர் சபையிற் பேசிய பொருள்கள். 1928 முதல் ஜெனீவாவில் நடைபெற்ற பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடுகளில் இந்திய முதலாளிமார் சார்பில் அவர் கலந்துகொண்டதும் இப்பயிற்சியின் பயனே.

அவருடைய தூதுகளுள் மிகுந்த கண்டனத்திற்கு உள்ளானது 1932-ஆம் ஆண்டின் ஆட்டவா மாநாடு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, பிரித்தானியப் பேரரசின் நாடுகள் தம்முட் சுங்கச்சலுகை அளித்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாநாட்டின் கருத்து. சர் அதுல் சட்டர்ஜி தலைமையிற் சென்ற இந்தியக் குழுவிற் செட்டியாரும் ஒருவர். கனடா, ஆத்திரேலியா முதலிய நாடுகளின் பேராளர்கள் தத்தம் மக்களுக்கு விடைசொல்லும் அமைச்சர்கள். இந்தியப் பேராளரோ அரசால் அமர்த்தப்பட்டவர். உடன்பாட்டின்படி, ஆங்கிலப் பண்டங்கள் பலவற்றிற்கு இந்தியா நூற்றுக்குப் பத்து அளவிலான வரிச்சலுகை அளிக்க இசைந்தது. நடுவண் சட்டசபை அதனை அவ்வாண்டின் இறுதியில் ஏற்றபோதிலும், தேசியவாதிகளும் வணிக மன்றத்தார் பலரும் கடுமையாக எதிர்த்தனர். இரண்டாண்டு கழித்து 1934 தேர்தலில், காங்கிரசு வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் சண்முகம் செட்டியார் தோல்வியுற்றார். சபைத்தலைவர் ஒருவரே தோற்றது அந்நாளில் நாடு முழுதும் பேசப்பட்ட செய்தியாயிற்று. 1936-இல் அச்சபையே ஆட்டவா உடன்பாட்டை முடிவுக்குக் கொணர வேண்டும் என்று தீர்மானித்தது.

ஆட்டவாவில் அவர் கூறியது கூறுவானாகவே நின்றார் என்பது எம் துணிபு. சந்தைகள் அடைபட்ட காலத்தில் இந்திய விளைபொருட்குப் பேரரசுச் சந்தையாவது கிடைக்கட்டும் என்னும் வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. எனினும் பேரம் பேசும் உரிமையில்லாத நாடு செய்யும் பேரத்திற்கு மக்களின் இசைவு இல்லை என்பதைத் தேர்தல் முடிவு காட்டிற்று. தூதனின் அறிவுடைமை, அவனை விடுத்த அரசின் தகுதியின்மையை ஈடுசெய்ய மாட்டாது.

தோல்விக்குப் பின் 1935 முதல் 1941 வரை கொச்சி நாட்டின் திவானாக அவர் பணியாற்றினார். கொங்குநாட்டார் ஒருவர் கொச்சியின் நிருவாகம் ஏற்றதிற் பழைய பெருவழியின் தொடர்ச்சியைக் காணலாம். கோவைப் பருத்திக்கும் நீலமலைத் தேயிலைக்கும் பாலைக்காட்டுக் கணவாய் வழியே அண்மையிலுள்ள துறை கொச்சியே அன்றோ! பொறியாளர் சர் இராபர்ட்டு பிரிசிட்டோ பல்லாண்டு உழைத்து ஆழப்படுத்திய அத்துறை, 1936-இற் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1938-இல் இயற்றிய சட்டத்தால், தேர்ந்தெடுக்கப்பெற்ற அமைச்சர் ஒருவர்பால் சில துறைகளை ஒப்படைக்கும் இரட்டையாட்சி கொச்சியில் அமைந்தது. அவ்வாண்டே சர்வதேச சங்கத்திற்கு இந்தியப் பேராளருள் ஒருவராகவும் செட்டியார் சென்றார். போர்க்காலத்தில் வாசிங்டனில் இந்தியக் கொள்முதற் குழுவின் தலைமையும் அவரைச் சார்ந்தது.

1944 சூலையில் அமெரிக்காவின் பிரட்டன் உட்சு என்னுமிடத்தில் 44 நாட்டினர் கூடிப் பன்னாட்டு நாணய நிதியத்தையும் உலக வங்கியையும் வகுத்தனர். இந்தியக் குழுவின் தலைவர் சர் செரமி இரெய்சுமன் ஆங்கிலேயர். உடன் சென்றோருள் சி. டி. தேசுமுக்கு, ஏ. டி. சிராபு, சண்முகம் செட்டியார் ஆகியோர் இந்தியர். குழுவை அமைத்தது அயலரசு. ஆயின் குழு பேசியது இந்தியாவின் வழக்கு. அவ்வழக்கு இருபகுதியினது. பின்தங்கிய நாடுகளின் வளங்களைப் பயன்படுத்தத் துணைநிற்பதும் நிதியத்தின் நோக்கமாதல் வேண்டும் என்பது ஒன்று. போர்ச் செலவிற்காகப் பிரித்தானியா இந்தியாவிற்குக் கடன்பட்ட தொகை, அதாவது இலண்டனில் முடங்கிய இசுடெர்லிங்கு இருப்பு, படிப்படியாகப் பயன்பாட்டிற்கு வர வழிவகுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. போர் முடிவில் அவ்விருப்பு ஆயிரம் கோடி ரூபாயை விஞ்சி நின்றது.

இரண்டாம் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அது இரு நாடுகளும் தம்முள் தீர்த்துக்கொள்ளத்தக்கது என்று பேரறிஞர் கெயின்சு முதலியோர் விலக்கினர். முதற் கோரிக்கை முழுமையும் வெற்றிபெறாவிடினும், உறுப்பு நாடுகள் அனைத்தின் உற்பத்தி வளங்களை வளர்த்தல் என்னும் கருத்து நிதியத்தின் நோக்கங்களுள் இடம்பெற்றது. இந்தியாவின் பங்களவு 40 கோடி டாலர் என முடிந்தது. சோவியத்து நாடு நிதியத்திற் சேராது நின்றமையின், முதல் ஐந்து பங்காளிகளுள் ஒன்றாகும் இடம் இந்தியாவிற்கு வாய்த்தது. தம்மை ஆளும் நாட்டையே கடனாளியாக முன்னிறுத்தி, பிற நாடுகள் கேட்க வழக்குரைத்த இந்நிகழ்ச்சி எளிதன்று. ஆட்டவாவிற் கூறியது கூறிய குழுவிற்கும் இங்கு வழக்கை வகுத்துக் கூறிய குழுவிற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன.

1947 ஆகத்து 15-இல் நேரு பெருமகனார் அமைத்த அமைச்சரவையிற் காங்கிரசைச் சாராத அம்பேத்கர், சியாமா பிரசாத முகர்சி ஆகியோருடன் செட்டியாரும் இடம்பெற்றார். வகுத்துக் கூறும் தூதன் அமைச்சனோடு ஒப்பவன் என்ற உரையாசிரியர் கூற்று இங்கு நேர்பொருளிலேயே மெய்யாயிற்று. 1947 நவம்பர் 26-இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அவர் அளித்தார். ஏழரைத் திங்களுக்கான அத்திட்டத்தில் வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய்; அச்செலவிற் பாதுகாப்பிற்கு மட்டும் 92.74 கோடி ரூபாய். பிரிவினையும் ஏதிலியர் துயரும் அவ்வெண்களிற் பதிந்துள்ளன. அத்திட்டத்திற் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டமை கருதத்தக்கது. ஆலைநகரத்து வணிகக் குடியிற் பிறந்தவர் தம் முதல் வரியை ஆலைப்பொருளின்மேலேயே விதித்தார்.

பாக்கித்தானுக்குரிய 75 கோடி ரூபாயில் எஞ்சிய 55 கோடியை நிறுத்திவைத்த முடிவும், 1948 சனவரி 13-இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கியபின் அதனை விடுவித்த முடிவும் அவர் பொறுப்பிலிருந்த துறையைச் சார்ந்தனவே. அவ்வாண்டு கோடையில் அவர் இலண்டன் சென்று இசுடெர்லிங்கு இருப்புப் பற்றிய உடன்பாட்டைச் சூலையில் முடித்தார். பிரட்டன் உட்சில் மறுக்கப்பட்ட வழக்கு, நான்காண்டிற்குப்பின் தன்னுரிமை நாட்டின் அமைச்சரால் மீண்டும் பேசப்பட்டது. தம்மை விடுத்த அரசும் தம் நாடும் ஒன்றாகிய நிலையில் அவர் சென்ற தூது அது.

அவ்வுயர்வு நெடுங்காலம் நிற்கவில்லை. வருமானவரி ஏய்ப்பை ஆராய 1947-இற் சட்டவழி அமைத்த ஆணையத்திற்கு விடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஆலையதிபர் சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டமை குறித்துக் கண்டனம் எழுந்தது. 1948 ஆகத்தில் அவர் பதவி துறந்தார். சான் மத்தாய் அப்பொறுப்பை ஏற்றார். துணியின்மேல் வரிவிதித்த அமைச்சரே ஆலையதிபர்க்குச் சலுகை காட்டினார் என்னும் பழிக்கு ஆளாயினமை வியப்பிற்குரியது. அவரை முற்றும் காக்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. எக்குடியிற் பிறந்து எத்தொழிலை அறிந்தாரோ, அவ்வறிவே அவர்க்கு வலிமையாயிற்று. அத்தொடர்பே அவரை ஐயத்திற்கும் ஆளாக்கிற்று. செயலுக்குரிய பொறுப்பை ஏற்று நீங்கினார் என்பதையும் வரலாறு உடன்கூறல் முறை.

இனித் தமிழாராய்ச்சியாளர் சிறப்பாகக் கருத வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பிரட்டன் உட்சிற்கும் நிதியமைச்சிற்கும் இடைப்பட்ட 1946-இற் சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்குச் செட்டியார் எழுதிய உரை கோவையிலிருந்து வெளிவந்தது. சுங்கவரி வாரியத் தலைவராக அவர் இருந்த காலமும் அதுவே. தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றோருள் அவரும் ஒருவர்; தம் இறுதியாண்டுகளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். இவற்றைச் செல்வர் ஒருவரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் பொருந்தாது. புகார்க் காண்டம் துறைமுக நகரத்துக் காண்டம். மரக்கலமும் பண்டசாலையும் வணிகர் மறுகும் அதன் களம். துறைமுகமும் சுங்கமும் நாணயமாற்றும் தம் தொழிலாகக் கொண்ட ஒருவர் அக்காண்டத்திற்கு உரை காணப் புகுந்தது இயல்பேயாம். 1953 மே 5-இல் அவர் மறைந்தார்.

பொருளாதார நூலோர் அவரை வரவுசெலவுத் திட்டத்தோடு நிறுத்திக்கொள்வர். தமிழ்நூலோர் உரைநூலின் பெயரோடு நிறுத்திக்கொள்வர். இரண்டையும் இணைத்துக் காண்டல் தமிழ்த்துறையின் கடமை. தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இவ்வரலாறு தரும் விடை இதுவாகும்: அடிமை நாட்டுத் தூதனும் வகுத்துக் கூறுவானாக உயர இயலும், ஆயின் அவன் வகுத்த சொல் செயலாக முற்றுவது நாடு தன்னைத் தான் ஆளும்போதே. ஆட்டவாவிற் பெற்ற கண்டனமும், பிரட்டன் உட்சிற் கண்ட அரைவெற்றியும், இலண்டனில் முடித்த உடன்பாடும் ஒரே மனிதர் சென்ற மூன்று தூதுகள். மனிதரின் திறம் அவற்றிற் பெரிதும் மாறவில்லை. அவரை விடுத்த அரசே மாறிற்று. தனிமனிதர் ஒருவரைப் போற்றலும் தூற்றலும் எளிது. அவர் நின்ற நிலையை அளந்தறிந்து பின் மதிப்பிடுதலே வரலாற்றாசிரியர்க்குரிய நெறி என்க.