எந்தச் சட்டம், யார் மேல்?

"சட்டப்படிதான் நடவடிக்கை எடுத்தோம்." துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காவல்துறை சொல்லும் முதல் வாக்கியம் இது. எந்தச் சட்டத்தின்படி? பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நில வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இங்குள்ள பறையர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில் இருப்பதை அரசுக்கு எழுதினார். தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுக்கு விற்கக் கூடாது; அதன் பிறகும் நம்மவரைத் தவிர யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கடனுக்கும் கைநாட்டுக்கும் நிலம் போனது. பட்டா மாறியது. தடுக்க ஒரு காக்கிச் சட்டையும் வரவில்லை.

1990 ஜனவரியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலித் நிலத்தை அபகரிப்பது குற்றம். கடமையை வேண்டுமென்றே தவறும் அரசு ஊழியருக்கும் பிரிவு 4-இன்படி ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை.

இந்தச் சட்டம் கையில் இருக்கும்போதுதான் 1994-இல் காரணையில் மக்கள் பஞ்சமி நிலத்தில் இறங்கி அம்பேத்கர் சிலை வைத்தார்கள். போலீசு அப்புறப்படுத்தியது சிலையை, ஆக்கிரமிப்பை அல்ல. அக்டோபர் 10, செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள்மேல் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். கூட்டத்தைக் கலைக்கச் சுட்டவர்மேல் அரசு அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு அப்போது அரணாக நின்றது.

எங்கள் வடக்குப்பட்டுப் பக்கம் சிப்காட் வந்து நிலம் விலையேறியபோது, பெரியப்பாவோடு ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் மனுவைப் படிக்கவேயில்லை. "இது சிவில் மேட்டருப்பா, கோர்ட்டுக்குப் போங்க." ரசீதும் இல்லை. அதே நிலத்தில் கொடி நட்ட எங்கள் பையன்களுக்கு மட்டும் அது சிவில் மேட்டர் இல்லை, 'சட்டம் ஒழுங்கு'! எதை வழக்காக எழுதுவது, எதைப் பேசி அனுப்புவது, லத்தியை எப்போது எடுப்பது எல்லாம் அவர்கள் விருப்பம். அந்த விருப்பத்துக்குள்தான் சாதி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

"மேலிடத்து உத்தரவு, நாங்க என்ன பண்றது?" என்பார்கள். காவலரில் நம் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் நெருக்கடி புரியாமல் இல்லை. ஆனால் 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூரைப் பாருங்கள். கைரேகை வைக்க மறுத்த கள்ளர்கள்மேல் போலீசு சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் உயிர்விட்டார். சுட்டவர்கள் பக்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்தது. 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. சட்டம் போய்விட்டது, செத்தவர்கள் திரும்பவில்லை. சட்டம் சொன்னது என்பதாலேயே சுட்டது நியாயமாகிவிடாது.

காரணையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சட்டம் நம் பக்கமே இருந்தது. அநீதியான சட்டத்தை அட்சரம் பிசகாமல் அமல்படுத்தத் தெரிந்த துறைக்கு, நியாயமான சட்டம் கையில் கிடைத்ததும் கண் தெரியாமல் போகிறது.

போலீசிடம் இரக்கம் கேட்டு ஸ்டேஷன் வாசலில் நின்றது போதும் தோழர்களே. மனுவை வாங்க மறுத்தால், எந்தச் சட்டப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். பிரிவு 4-ஐப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரேயொரு அதிகாரி அந்தப் பிரிவில் கூண்டேறட்டும், 'சிவில் மேட்டர்' என்ற சொல் எத்தனை ஸ்டேஷனில் மறைகிறது என்று பார்ப்போம்.