சீனத்து அரிசியும் சிலாபத்துக் கூப்பன் கடையும்

மேற்குலகைச் சீனா எதிர்த்து நின்ற கதை என்றால் அபினிப் போரையும் கொரிய யுத்தத்தையும் சொல்வார்கள். எனக்கு முதலில் வருவது சிலாபத்துக் கூட்டுறவுக் கூப்பன் கடை. அப்பா அங்கே அரிசி அளந்தவர். அந்த வாரத்துக் கூப்பன் துண்டைக் கத்தரித்துக் கம்பியில் கோத்துவிட்டு, கொத்தைச் சாக்குக்குள் அமிழ்த்தி எடுப்பார். மேலே நிற்கும் மணியை உள்ளங்கையால் ஒரே வழியாக வழித்துவிடுவார். வெறுஞ்சாக்குக்கும் ஆள் நிற்கும், கருவாடு காயப்போட.

அந்தச் சீனத்து அரிசிச் சாக்கு இங்கே வந்து சேர்ந்தது லேசான காரியமல்ல. கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருக்க, 1951 மே 18இல் சீனாவுக்குப் போர்த்தளவாடப் பொருட்களை விற்கக் கூடாதென்று ஐ.நா. தீர்மானம் போட்டது. இறப்பரும் அப்படியான பொருளாகவே எண்ணப்பட்டது. மீறுகிற நாட்டுக்கு உதவியில்லை என்று அமெரிக்கா தனியாகச் சட்டமும் செய்தது. மலாயா இறப்பர் பிரித்தானியர் கையில். மிச்சமிருந்த சில வாசல்களில் ஒன்று இலங்கை. நாங்கள் அப்போது ஐ.நா. உறுப்பினர்கூட இல்லை, 1955இல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கேயோ இறப்பர் விலை விழுந்து, அரிசி விலை ஏறிவிட்டது. சிலாபத்தில் தென்னந்தோட்டமும் களப்பும் கடலும் உண்டு. தேங்காயும் மீனும் இருந்தாலும் சோற்றுக்கு அரிசி வெளியிலிருந்துதான் வரவேண்டும். நாட்டுக்கே அந்த நிலைமைதான்.

ஆட்சியில் இருந்தது கம்யூனிசத்தை அடியோடு வெறுத்த ஐக்கிய தேசியக் கட்சி. அப்படியிருந்தும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங்குக்குப் போனார். 1952 ஒக்டோபரில் 80,000 தொன் அரிசிக்குப் பேச்சு முடிந்தது. டிசெம்பர் 18இல் ஐந்தாண்டு ஒப்பந்தம்: வருடத்துக்கு நாங்கள் 50,000 தொன் இறப்பர், அவர்கள் 270,000 தொன் அரிசி. இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடவே கொடுத்தார்கள். இரண்டு நாட்டுக்கும் இடையில் தூதரகம் வந்தது 1957இல்தான்! அமெரிக்க உதவி நின்றது; இறப்பர் மரத்து இலைநோய்க்குத் தூவும் கந்தகத்தைக்கூட அவர்கள் தர மறுத்தார்கள். இலங்கை மசியவில்லை.

சேனாநாயக்க பின்னாளில் 'சிங்களம் மட்டும்' கொள்கையின் பக்கம் நின்றவர். அந்த அரசியலை என்னால் மன்னிக்க முடியாது. என்றாலும் 1952இல் அவர் காட்டிய துணிவை மறைப்பதும் நியாயமில்லை. அந்த ஒப்பந்தத்தால் சீனா முற்றுகையில் ஓர் ஓட்டை போட்டது, எங்கள் வீட்டு உலையில் அரிசி விழுந்தது.

அரிசி வந்ததே தவிர, மலிவாகக் கொடுக்க அரசுக்கு மனமில்லை. 1953இல் மானியத்தை வெட்டி, கொத்து 25 சதத்துக்கு விற்றதை 70 சதமாக்கினார்கள். கடைக்கு வந்த பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. சுதந்திரம் வாங்கி ஐந்து வருடமான நாட்டின் அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. அமெரிக்காவுக்கு அஞ்சாதவர்கள் சொந்தச் சனங்களுக்கு அஞ்சினார்கள். அந்த ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

ஒப்பந்தம் மட்டும் ஆட்சிகள் மாறியும் 1982 வரை தொடர்ந்தது.

இன்று எங்கள் புத்தளம் மாவட்டத்தில் சீனா என்றால் நுரைச்சோலை அனல்மின் நிலையம், 900 மெகாவாட். சீன வங்கிக் கடனில் எழுந்தது. முன்பு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். இப்போது கடனோடு வட்டியையும் கட்டுகிறோம். கொழும்பிலிருந்து பீக்கிங்குக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிற எவரும் அந்த 1952 ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துவிட்டு விமானம் ஏறவேண்டும்.