கூர்க்குறிக்குக் கீழே

லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்களின் பழைய மின்னஞ்சல்களைத் தேடி வாசிக்கிற பழக்கம் எனக்குண்டு. நிரல் பாதிக்குமேல் புரியாது. ஆனால் அவர்கள் பதில் எழுதும் முறை பிடிக்கும். எதிரே இருப்பவர் எழுதியதில் தேவையான இரண்டு வரியை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுவார்கள். மிஞ்சிய வரிகளின் முன்னால் '>' என்று ஒரு கூர்க்குறி நிற்கும். அதற்குக் கீழே பதில். பிறகு அடுத்த இரண்டு வரி, அதற்கொரு பதில். மூலமும் உரையும் மாதிரிதான். உரைகாரர் மட்டும் கொஞ்சம் கோபக்காரர்.

இது பஞ்சத்தில் வளர்ந்த வழக்கம். 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த யூஸ்நெட்டில், கணினிகள் தொலைபேசி வழியாக ஒன்றையொன்று அழைத்துச் செய்திகளைக் கைமாற்றிக்கொண்டன. சில நேரம் கேள்விக்கு முன்னால் பதில் வந்து சேரும். அதனால் எதற்குப் பதில் என்று காட்டியாக வேண்டும். முழுசா ஒட்டினாலோ தொலைபேசிச் செலவு. மேற்கோள் வரிகள் சொந்த வரிகளைவிட அதிகமாக இருந்தால் சில மென்பொருள்கள் அனுப்பவே மறுத்தன. ஆட்கள் சும்மா விடுவார்களா? அர்த்தமில்லாத வரிகளைக் கீழே நிரப்பி அனுப்பினார்கள்.

1992 ஜனவரியில் மினிக்ஸ் இயங்குதளத்தை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று யூஸ்நெட்டில் எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது 22 வயது ஹெல்சிங்கி மாணவர். பேராசிரியரின் வரிகளை எடுத்துவைத்துக் கொதிப்போடு பதில் சொன்னார். விதிப்படி குறையே இல்லாத பதில். ஆனால் சீக்கிரமே, நாகரிகம் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று அதே இடத்தில் மன்னிப்பும் கேட்டார். இப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று அன்பாகச் சொன்ன ஒருவருக்கு நன்றியும் சொன்னார்.

1995 அக்டோபரில் இன்டெல்லைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1855 இந்த வழக்கங்களை எழுத்தில் வைத்தது. பின்னணி புரியும் அளவுக்கு மட்டும் மேற்கோள், வரிக்கு 65 எழுத்துக்குள், கையொப்பம் 4 வரி. இவை கம்பியும் காசும் சம்பந்தப்பட்ட விதிகள். நடுவில் ஒன்று வேறு ஜாதி: கோபமாகப் பதில் எழுதுவதாயிருந்தால் ஒரு ராத்திரி பொறுத்து அனுப்பு.

பிறகு அவுட்லுக் வந்தது. கர்சரைக் கொண்டுபோய் உச்சியில் வைத்தது. அலுவலக உலகம் மொத்தமும் மேலே ஒரு 'நன்றி', கீழே முப்பது பழைய கடிதம் என்று மாறிப்போனது. எதிராளி என்ன எழுதினார் என்று பார்க்காமலே பதில் போட முடிகிற முறை இது. வரி வரியாகப் பதில் எழுத, வரி வரியாகப் படித்தாக வேண்டும். எனக்கு அந்தப் பழைய முறைமேல் மரியாதை வந்தது இதனால்தான்.

கெர்னல்காரர்கள் பழசை விடாததற்குக் காரணம் வைராக்கியம் மட்டுமில்லை. அங்கே நிரல் திருத்தமே கடிதத்தின் உடலில்தான் வருகிறது. எந்த வரியில் பிழையோ அந்த வரிக்குக் கீழேயே சொல்லலாம். இணைப்பாக அனுப்பினால் அது கஷ்டம். எச்.டி.எம்.எல். கடிதம் என்றால் சர்வரே திருப்பிவிடும்.

ஆனால் இவ்வளவு ஒழுங்கும் ஆளைக் காப்பாற்றவில்லை. ஒருவருடைய ஒரே ஒரு வாக்கியத்தைத் தனியே பிரித்து, எல்லார் முன்னாலும் வைத்து, அதன்கீழ் அவரை முட்டாள் என்று எழுதவும் அதே கூர்க்குறிதான் உதவியது. லினஸ் பல வருஷம் அப்படி எழுதினார். வாங்கிக்கொண்டவர்களில் சிலர் அந்த வேலையையே விட்டுவிட்டுப் போனார்கள். முகம் தெரியாத, அப்போதுதான் முதல் திருத்தத்தை அனுப்பக் கை நடுங்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரும் அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்பது எந்த விதியிலும் இல்லை.

2018 செப்டம்பர் 16 அன்று, 4.19 பதிப்பின் சோதனை வெளியீட்டை அறிவித்த கடிதத்திலேயே லினஸ் மன்னிப்புக் கேட்டார். பிறர் மனதைப் புரிந்துகொள்வதில் உதவி தேடப்போவதாகச் சொல்லிச் சில வாரம் ஒதுங்கினார். கெட்ட வார்த்தை இருந்தால் கடிதம் வெளியே போகாதபடி ஒரு வடிகட்டி போடலாமோ என்றும் அதில் யோசித்திருந்தார். அதே நாட்களில் கெர்னலுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்தன. அக்டோபரில் திரும்பி வந்தார். வழக்கம்போல, தேவையான வரியை மட்டும் வைத்துக்கொண்டு அதன்கீழே பதில் எழுத ஆரம்பித்தார்.