கன்பூசியசும் கடையநல்லூரும்

பழைய நீதிநெறி புதிய சமுதாயத்திற்குத் துணையாகுமா? சீனரை எதிர்நோக்கிய இவ்வினா, குற்றாலச் சாரலில் நனையும் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்களாகிய நமக்கும் உரியதே. நம்மவர் பலர் குடும்பத்தோடு குடியேறிய சிங்கப்பூரே அதற்குச் சான்று.

தொழில்வளம் பெருகுகையில் ஒழுக்கம் குன்றலாகாதெனக் கருதிய அந்நாட்டு அரசு, பெற்றோரைப் பேணலையும் கல்வியையும் போற்றும் கன்பூசிய நெறியைப் பாடமாக்குவதென 1982-இல் அறிவித்தது. 1984 முதல் உயர்நிலை மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர் கன்பூசிய நெறி, இஸ்லாமிய மார்க்க அறிவு முதலியவற்றுள் ஒன்றைக் கற்பது கட்டாயமாயிற்று. சமய வேற்றுமை கூர்மையடையுமோ என்னும் அச்சம் எழவே, 1990-இல் அக்கட்டாயம் நீங்கிற்று.

நம்மவரோ அரசின் ஆணைக்குக் காத்திருக்கவில்லை. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இலேயே, சீறாப்புராணம் தந்த புலவர் பெயரால் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவிற்று. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஆயினும் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளை நாடவே, கன்பூசிய பாடம் அறிவிக்கப்பட்ட அதே 1982-இல் அதன் கதவு மூடப்பட்டது. மறு ஆண்டு அப்பெயரிலேயே தமிழ்மொழி நிலையம் ஒன்று தோன்றியது நமக்கு ஆறுதல்.

ஆணையால் வந்த பாடம் ஆணையோடு போயிற்று. அன்பால் எழுந்த பள்ளியும் பெற்றோர் மனம் மாறியபோது நிலைக்கவில்லை. நெறியைக் காப்பது அரசுமன்று, கட்டடமுமன்று, வீடே. நம் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொடுத்துச் செல்கிறோம்?