பால் நிறத்தில் ஒரு பாட்டில்

குடலில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு 'குளுக்கோஸ் ஏறுகிறது' என்றால் வீட்டாருக்கு ஒரு நிம்மதி. சாப்பாடு உள்ளே போவதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. அது தருவது சுமார் 170 கலோரி. மூன்று லிட்டர் ஏற்றினாலும் 510-ஐத் தாண்டாது. பெரிய அறுவை சிகிச்சையிலிருந்து மீளும் உடலுக்கு அதைப்போல மூன்று, நான்கு மடங்கு வேண்டும். மிச்சத்துக்கு உடல் தன் கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். கத்திக்குத் தப்பியவர்கள் பட்டினிக்குப் பலியான காலம் ஒன்று இருந்தது.

சர்க்கரையைக் கெட்டியாக்கலாமே? கையிலுள்ள ரத்தக்குழாய் தாங்காது. சிவந்து, வீங்கி, அடைத்துக்கொள்ளும். தண்ணீரைக் கூட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

1960-களில் இதற்கு இரண்டு விடைகள் பிறந்தன. ஒன்று ஸ்வீடனில், எண்ணெயில். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஆனால் அதை ரத்தத்தில் கலப்பது எப்படி? 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் வில்லியம் கோர்ட்டன் நாயின் ரத்தக்குழாயில் ஆலிவ் எண்ணெயைச் செலுத்தினார். எண்ணெய் நுரையீரலை அடைத்து நாய் செத்தது. அமெரிக்காவில் வந்த பருத்திக்கொட்டை எண்ணெய் மருந்து 'லிப்போமுல்' காய்ச்சலையும் மஞ்சள் காமாலையையும் தந்து, விற்பனையிலிருந்தே விலகியது. ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிடால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான துளிகளாக்கினார். சாப்பிட்டபின் நம் ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் போலவே அவை இருந்தன. பால்போல் வெளுத்த அந்த 'இன்ட்ராலிப்பிட்' 10 சதவீதக் கலவையில் அரை லிட்டருக்கு 550 கலோரி. கை ரத்தக்குழாயே போதும்.

மற்றது அமெரிக்காவில், சர்க்கரையில். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி டட்ரிக், இதயத்துக்கு மேலுள்ள பெருஞ்சிரை வரை குழாயைக் கொண்டுபோனார். அங்கே பாயும் ரத்த வெள்ளத்தில் கெட்டிச் சர்க்கரை சட்டென்று நீர்த்துவிடும். பீகிள் நாய்க்குட்டிகள் வாயால் ஒரு பருக்கையும் தின்னாமல், ரத்தக்குழாய் வழி உணவிலேயே வளர்ந்து காட்டின. 1968-இல் அந்த முடிவுகள் வெளியாயின.

எது மேல்? கனடாவின் டொரன்டோவில் ஜீஜீபாய் குழுவினர் நோயாளிகளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து அளந்தார்கள். 1976-இல் முடிவு வந்தது. முதல் நான்கு நாள் உடல் பழகவேண்டும். பிறகு புரதத்தைக் காப்பதில் கொழுப்பும் சர்க்கரைக்கு ஈடுகொடுத்தது.

சர்க்கரையை மட்டுமே நம்பியதன் விலையும் தெரியவந்தது. அளவு மீறினால் ஈரலில் கொழுப்பு படிந்தது. சர்க்கரை எரியும்போது, உள்வாங்கும் ஆக்சிஜனுக்குச் சரிக்குச் சரி கரியமில வாயு வெளியேறும். கொழுப்பில் பத்துக்கு ஏழுதான். மூச்சுக்கருவியில் இருப்பவரின் நுரையீரலுக்கு அந்த மூன்று பங்கு பெரும் பாரம். கொழுப்பே கிடைக்காமல் வாரக்கணக்கில் இருந்தவர்களின் தோல் வறண்டு, செதில் செதிலாக உரிந்தது. எண்ணெய் மட்டும் போதுமா என்றால், மூளைக்கும் ரத்தச் சிவப்பணுக்களுக்கும் சர்க்கரை வேண்டும்.

சோற்றோடு எண்ணெயும் சேர வேண்டும் என்று நம் சமையலறைக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ரத்தக்குழாய்க்கு அதைச் சொல்லித் தர முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் தொங்கும் மூன்று அறைப் பையில் இரண்டும் அருகருகே இருக்கின்றன.

மூன்றாவது அறையில் இருப்பது அமினோ அமிலம். அதன் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)