சரும மூப்பு: வேப்பந்தட்டை வட்டாரத்தில் காரணம், பராமரிப்பு, சிகிச்சை

வயதாலும் வெயிலாலும் தோல் மெலிந்து, வறண்டு, நிறம் திட்டுத்திட்டாகி, சுருக்கம் விழுவதைச் சரும மூப்பு என்பர். ‘நரை திரை மூப்பு’ என்னும் வழக்கில் ‘திரை’ என்பது இந்தச் சுருக்கம்தான். இம்மூன்றும் அணுகாமல் உடலைக் காக்கும் முறைகளைச் சித்த மருத்துவம் காயகற்பம் என்றது.

பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வட்டம், பச்சைமலையை ஒட்டிய மானாவாரிப் பகுதி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் மாவட்டத்தின் முக்கியப் பயிர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் வேப்பந்தட்டையில் இருக்கிறது. காட்டு வேலை மிகுந்த இவ்வட்டாரத்தில் முகத்தையும் கையையும் முதலில் முதுமையாக்குவது வெயில். எனவே பராமரிப்பும் வெயிலைத் தடுப்பதில்தான் தொடங்குகிறது.

காரணம்

மேல்தோலுக்கு அடியில் உள்ள உள்தோலைக் கொலாஜன், எலாஸ்டின் என்னும் நார்ப்புரதங்கள் கயிற்றுக் கட்டிலின் பின்னல்போல் இழுத்துப் பிடித்திருக்கின்றன. வயதேற ஏறக் கொலாஜன் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் பெண்களுக்கு இந்த இழப்பு விரைவாக நடக்கும். பின்னல் தளர்ந்தால் கட்டில் தொய்கிறது, தோலும் அப்படியே.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இந்தத் தளர்ச்சியை முன்கூட்டியே கொண்டுவருகின்றன. ‘பி’ வகைக் கதிர் மேல்தோலைச் சுடும். ‘ஏ’ வகைக் கதிர் உள்தோல்வரை இறங்கி, கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டும், கண்ணாடியையும் ஊடுருவும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படம் 2012இல் மருத்துவ இதழொன்றில் வெளியானது. சன்னல் பக்கம் இருந்த இடக்கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கியிருந்தது. நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் என்பதால் இங்கு வெயில் படுவது வலக்கன்னத்தில்.

வேப்பந்தட்டை ஏறத்தாழ 11.3 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. புகைபிடித்தலும் சுருக்கத்தை விரைவுபடுத்தும்.

தோற்றம்

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மெலனின் நிறமி இயற்கைக் குடையாக நிற்பதால், வெள்ளைத் தோலைவிடச் சுருக்கம் பிந்தியே விழுகிறது. முதலில் மாறுவது நிறம். கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்பாகப் படரும் மங்கு, கண்ணைச் சுற்றிய கருமை, முகத்தில் கூட்டமாக எழும் சின்னக் கறுப்பு மருக்கள், முன்கையிலும் காலிலும் அரிசிப் பொட்டளவு வெண்புள்ளிகள் ஆகியன பொதுவான அடையாளங்கள். வயதின் பங்கையும் வெயிலின் பங்கையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு: மேற்கையின் உட்புறத்தையும் முன்கையின் வெளிப்புறத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வயது ஒன்று. வெயில் பட்ட அளவுதான் வேறு.

தடுப்பு

பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வது வழக்கம். சுணையும் பூச்சியும் அண்டாமல் காக்கும் அந்தச் சட்டை கதிரையும் தடுக்கிறது. நெருக்கமாக நெய்த துணி, சன்ஸ்கிரீனைப்போல் வியர்வையில் கரையாது. இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச வேண்டியதும் இல்லை. சட்டையும் துண்டும் மறைக்காத முகம், பின்கழுத்து, புறங்கை ஆகிய இடங்களுக்கே சன்ஸ்கிரீன் தேவைப்படுகிறது.

சன்ஸ்கிரீன் உறையில் உள்ள எஸ்.பி.எஃப். எண் ‘பி’ கதிருக்கும், பி.ஏ. குறி ‘ஏ’ கதிருக்கும் உரிய அளவுகள். எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 விழுக்காடும், 50 சுமார் 98 விழுக்காடும் ‘பி’ கதிரைத் தடுக்கும். ஆகவே எண்ணைவிடப் பூசும் அளவு முக்கியம்: முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும். ஆஸ்திரேலியாவின் நாம்போர் நகரில் 903 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அதில் நாலரை ஆண்டுகள் தினமும் பூசியவர்களுக்கு, விருப்பம்போல் பூசியவர்களைவிடச் சரும மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது.

பூச்சுகள்

தேங்காய் எண்ணெய், கிளிசரின், ஹைலூரானிக் அமிலம் ஆகியவை ஈரத்தைத் தக்கவைத்து, வறட்சியால் தெரியும் மெல்லிய கோடுகளை மட்டும் மறைக்கும். நலங்கு மாவு அழுக்கை நீக்கும். தேய்ந்த கொலாஜனை அது மீட்பதில்லை. கரும்பில் காணப்படும் கிளைகோலிக் அமிலமும் பாலின் லாக்டிக் அமிலமும் இறந்த மேற்செல்களை உரிக்கும். நியாசினமைடும் வைட்டமின் சியும் நிறத்திட்டைக் குறைக்க உதவும்.

சுருக்கத்துக்கு வலுவான சான்றுள்ள பூச்சு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின். முகப்பருவுக்குத் தரப்பட்ட இம்மருந்து வெயில் மூப்பையும் குறைப்பதை ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986இல் வெளியிட்டனர். இதை இரவில், சிறிதளவே பூச வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் சிவந்து உரியும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டும்.

அழகியல் சிகிச்சைகள்

போட்டுலினம் நச்சு ஊசி முகத்தசையைத் தளர்த்தி, நெற்றியிலும் புருவ நடுவிலும் விழும் கோடுகளை மூன்று நான்கு மாதங்களுக்கு மறைக்கிறது. கனடாவின் கரதர்ஸ் தம்பதியர் 1992இல் இதைப் பற்றி எழுதினர். 2002இல் அமெரிக்கா புருவ நடுக்கோடுகளுக்கு அனுமதி தந்தது. ஃபில்லர் ஊசி குழிந்த இடத்தை நிரப்பும். ஆனால் ஊசி தவறி இரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையும் போகலாம். முறையாகப் பயின்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும்.

லேசரும், வேதிப்பொருளால் தோலை ஆழமாக உரிக்கும் கெமிக்கல் பீலும் நம் நிறத்தில் தனிக் கவனம் கோருபவை. சூடோ புண்ணோ பட்ட இடம் ஆறும்போது கறுத்துவிடுவது இந்தத் தோலின் இயல்பு. எனவே மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் லேசர் இங்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. காட்டு வேலைக்கு உடனே திரும்பவேண்டியவர்களுக்கு, ஆறும்வரை வெயில் படக் கூடாது என்ற நிபந்தனையே பெரிய தடை.

சிவப்பழகுக் களிம்புகளும் சட்டமும்

சுருக்கத்தைவிட நிறம் பெரிய கவலையாக இருப்பதால் தீங்கும் அந்த வழியாகவே வருகிறது. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவை மங்குக்காகச் சில வாரங்கள் மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியது. இதன் முன்னோடிக் கலவையையும் கிளிக்மன்தான் 1975இல் வெளியிட்டார். இந்தியாவில் இது மருந்துக்கடையில் பேர் சொல்லி வாங்கி ஆண்டுக்கணக்கில் பூசும் சிவப்பழகுக் கிரீமாகிவிட்டது. முதலில் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும், நிறுத்தினால் எரியும். இந்நிலைக்கு ‘ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்’ என்றே தோல் மருத்துவர்கள் பெயரிட்டுள்ளனர். 2018இல் 14 ஸ்டீராய்டு பூச்சுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன.

பாதரசம் கலந்த கிரீம்கள் சிறுநீரகத்தைத் தாக்கும்; கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப் பாதிக்கப்பட்டோரை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் பாதரசத்தைச் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்தும் கெடு, சேர்பொருள் பட்டியல் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை வாங்காமல் விடுவதே நல்லது.

மூப்பின் அடையாளமாகத் தோன்றும் எல்லாமே மூப்பு அல்ல. ஆறாத புண், திடீரென வளரும் அல்லது இரத்தம் கசியும் மரு, கரை ஒழுங்கற்று விரியும் கரும்புள்ளி ஆகியவற்றைக் களிம்பால் மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை பெரம்பலூரில் உள்ளது. அண்டை மாவட்டமான அரியலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.