பெருமந்தம் – 9: வறுமைக்குச் சான்று கேட்காத குளிர்காலம்

போன வாரம் பார்த்த வங்கிப் பிரச்சினை, போட்ட பணம் திரும்பி வருமா என்ற கவலை. அப்படிக் கவலைப்படவும் கொடுத்துவைக்காதவர்கள் 1933-ல் அமெரிக்காவில் ஒரு கோடிக்கு மேல். உழைப்பாளிகளில் நாலு பேருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார்.

இவர்களுக்கு உதவ 50 கோடி டாலரை ஒதுக்கிய அதிபர் ரூஸ்வெல்ட், அதைப் பங்கிடும் பொறுப்பை ஹாரி ஹாப்கின்ஸிடம் கொடுத்தார். அயோவாவில் குதிரைச் சேணம் செய்பவரின் மகன். நியூயார்க்கில் சமூகப் பணியாளராக இருந்தவர். மே மாதம் பொறுப்பேற்றதும் வராந்தாவில் கிடந்த ஒரு மேசையில் உட்கார்ந்து, இரண்டே மணி நேரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு அனுப்ப உத்தரவு போட்டார்.

பணம் போன வேகத்தில் மக்களின் மானம் காப்பாற்றப்படவில்லை. நிவாரணத்துக்குப் பெயர் கொடுத்தால் விசாரணையாளர் வீடு தேடி வருவார். சேமிப்பு இருக்கிறதா, கைகொடுக்க உறவினர் உண்டா என்று துருவுவார். அதில் தேறினாலும் பல ஊர்களில் கிடைத்தது மளிகைக் கடைச் சீட்டுதான். இன்னின்ன சாமான்தான் வாங்கலாம் என்பதும் அதிலேயே குறித்திருக்கும். நேற்றுவரை கைக்காசு கொடுத்து வாங்கியவர், அக்கம்பக்கத்தார் பார்க்க அதைக் கடைக்காரரிடம் நீட்ட வேண்டும்.

லொரீனா ஹிக்காக் என்ற பத்திரிகையாளரை ஹாப்கின்ஸ் ஊர் ஊராக அனுப்பினார். புள்ளிவிவரம் வேண்டாம், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள் என்பதுதான் அவருக்கு இட்ட வேலை. அந்த இலையுதிர்காலத்தில் வடக்கு டகோட்டாவில் அவர் கண்ட விவசாயிகளுக்குச் சொந்த நிலம் இருந்தது. பனிக்காலத்தைத் தாங்கத் துணி இல்லை. கிழிந்த டெனிம் உடையோடு நிவாரணம் கேட்டு நின்றார்கள்.

1933 நவம்பர் 9 அன்று ஹாப்கின்ஸின் கீழ் குடிமைப் பணிகள் நிர்வாகம் பிறந்தது. 40 லட்சம் பேருக்கு உடனடி வேலை என்பது இலக்கு. அதில் பாதிப்பேர் ஏற்கெனவே நிவாரணப் பட்டியலில் இருந்தவர்கள். மறுபாதியிடம் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. வேலை இல்லையா, வா. உழை, கூலி வாங்கிக்கொள். ஜனவரிக்குள் இலக்கைத் தாண்டினார்கள். சாலை போட்டார்கள், பள்ளிக்கூடங்களைச் செப்பனிட்டார்கள், விமானத் தளம் அமைத்தார்கள். சம்பளமின்றி மூடிக்கிடந்த கிராமப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் திரும்பினார்கள்.

ஆனால் தெற்கத்திய நிலக்கிழார்கள் கொதித்தார்கள். அரசு இவ்வளவு கூலி கொடுத்தால் எங்கள் பருத்திக் காட்டுக்கு யார் வருவார் என்பது அவர்கள் கேள்வி. செலவும் 100 கோடி டாலரை நெருங்கியது. மக்கள் இதையே நிரந்தரம் என்று எண்ணிவிடுவார்களோ என்று ரூஸ்வெல்ட்டே அஞ்சினார். 1934 மார்ச் முடிவில் திட்டத்துக்கு மூடுவிழா. அடுத்த ஆண்டு, அதே ஹாப்கின்ஸின் கீழ் இன்னும் பெரிய வேலைத்திட்டம் வந்தது. 1943 வரை 85 லட்சம் பேருக்கு அது வேலை தந்தது. கென்டக்கி மலைப்பகுதியில் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனதும் அதில்தான். ஆனால் விசாரணையாளர் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டார்.

விசாரணை இல்லாத உதவி நிலைத்தது வேறொரு வழியில். 1935 ஆகஸ்ட் 14 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி 1937 முதல் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று பிடித்தம். முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். முதுமையில் வரும் ஓய்வூதியம், கட்டிய காசுக்கான உரிமை. வறுமையை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. நிவாரணத் திட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தபோதும் இந்தச் சீர்திருத்தத்தில் கைவைக்க யாருக்கும் துணிவு வராததற்கு அதுவே காரணம். ஆனால் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் இதில் சேர்க்கப்படவில்லை. உழைத்துப் பிழைத்த கறுப்பினத்தவரில் பெரும்பகுதியினர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள்.

ஓய்வூதியச் சட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு, தொழில்துறைக்கு ரூஸ்வெல்ட் வகுத்த பெரிய சட்டம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் கவிழ்ந்தது. அந்த வழக்கில் ஜெயித்தவர்கள் புரூக்ளினின் கோழி வியாபாரிகள்.

(அந்தக் கோழி வழக்கு அடுத்த வாரம்)